வன்னியின் இடிமழையும் குளக்கட்டும்: வளிமண்டல நிலைமைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் எழுத்துக்களில் குளங்களும் குடிகளும் காய்ச்சலும் காடும் இடம்பெறும் அளவுக்கு வானம் இடம்பெறுவதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வன்னியை நிருவகித்த தோமஸ் நாகல் 1793 இல் எழுதிய குறிப்பும், பிரித்தானிய நிருவாகி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடும் ஆய்வாளர் பலராலும் எடுத்தாளப்படுவன. அவற்றைத் துணைக்கொண்டு எழுந்த வரலாற்று நூல்களில் வன்னி என்பது நீருக்கு ஏங்கும் நிலமாகவே பெரும்பாலும் தோற்றமளிக்கின்றது. ஆயினும் கடந்த அறுபது ஆண்டுகளில் அந்நிலத்து மக்களை இரவோடிரவாகக் குடிபெயரச் செய்த இயற்கை நிகழ்வுகளை நிரற்படுத்தினால், அவற்றுள் முதன்மை பெறுவது நீரின்மையன்று. நீர்ப்பெருக்கே என்பது புலனாகும்.

இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களின் வானில் கடும் இடிமழையும் சூறாவளியும் எந்த வளிமண்டல நிலைமைகளின் கீழ் உருவாகின்றன? அவற்றை எதிர்கொள்ள அந்நிலத்து மக்கள் கண்ட வழி யாது? அவ்வழி எங்கே தவறியது? இவ்வினாக்களை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் சராசரியும்

இலங்கையின் புவியியலை ஈர வலயம், வறண்ட வலயம் எனப் பிரித்து நோக்கும் மரபு நன்கு நிலைபெற்ற ஒன்று. இப்பிரிவின்படி வன்னி முழுவதும் வறண்ட வலயத்துள் அடங்கும். ஆயின் வன்னியின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரையிலானது. மழைக்குப் பேர்போன இலண்டன் மாநகர் ஓராண்டிற் பெறும் மழை இதன் அரைவாசியளவே. அவ்வாறாயின் வன்னியை வறண்ட நிலம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கான விடை மழையின் அளவில் இல்லை. அது பெய்யும் காலத்தில் உள்ளது. வன்னி பெறும் மழையிற் பெரும்பகுதி ஒக்தோபர் தொடக்கம் சனவரி நடுப்பகுதி வரையான காலத்திற் பெய்து முடிந்துவிடுகின்றது. அக்காலத்துள்ளும் நாடோறும் சீராகப் பெய்வதில்லை. சில நாட்களில், அந்நாட்களிலும் சில மணித்தியாலங்களிற் கொட்டித் தீர்க்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஆவியாகும் நீர் பெய்யும் நீரைப் பலமடங்கு விஞ்சுகின்றது. எனவே வறட்சியும் வெள்ளமும் இங்கு எதிரெதிரான இரு நிலைமைகள் அல்ல. ஒரே மழையொழுங்கின் இரு முகங்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அமைந்த காலநிலை ஆய்வு மரபில் முதன்மையாக வைத்தெண்ணத்தக்க ஜோர்ஜ் தம்பையாபிள்ளை 1954 இல் இலங்கையின் மழைவீழ்ச்சி பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பாகத் தேர்ந்த சொல் 'சந்தம்' என்னும் பொருளுடையது. ஆண்டுச் சராசரியைக் காட்டிலும் அது எக்கால ஒழுங்கில் வந்தடைகின்றது என்பதே முதன்மையானது எனும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. எனினும் நிருவாகமும் திட்டமிடலும் சராசரியையே பற்றிக்கொண்டன. குடியேற்றத் திட்டங்கள் வறண்ட வலயம் என்னும் பெயரின் கீழ் வகுக்கப்பட்டன. நீரைக் கொண்டுவருவது எங்ஙனம் என்பதே அத்திட்டங்களின் தலையாய வினாவாயிற்று; மிகைநீரை வெளியேற்றுவது எங்ஙனம் என்பது இரண்டாந்தர வினாவாக ஒதுக்கப்பட்டது.

2. இடிமுகில் வளர்வதற்கான நிலைமைகள்

இடிமழை எவ்வாறு உருவாகின்றது என்பதை ஓரளவேனும் விளங்கிக்கொள்ளாது வன்னியின் மழையொழுங்கை விளங்கிக்கொள்ளல் இயலாது. இத்துறையில் நவீன அறிவுக்கு அடித்தளமிட்டது, இரண்டாம் உலகப்போரின் பின் 1946, 1947 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஒகையோவிலும் நிகழ்த்தப்பட்ட ஆய்வாகும். ஓராஸ் பையர்ஸ், ரொஸ்கோ பிரஹாம் ஆகியோர் முன்னின்ற அவ்வாய்வில், போரின்போது பயன்பட்ட விமானங்கள் இடிமுகில்களின் உள்ளேயே செலுத்தப்பட்டன. ஓர் இடிமுகில் வளர்நிலை, முதிர்நிலை, தேய்நிலை என்னும் மூன்று நிலைகளைக் கடக்கின்றது என்பதும், தனியொரு முகிலின் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே என்பதும் அதனாற் பெறப்பட்டன.

இம்முகில் தோன்றுதற்கு மூன்று நிலைமைகள் இன்றியமையாதன. முதலாவது ஈரப்பதன். நிலத்தையொட்டிய வளியில் நீராவி நிறைந்திருத்தல் வேண்டும். இரண்டாவது வளிமண்டலத்தின் உறுதியின்மை. நிரம்பலடையாத வளி மேலெழும்போது ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு குளிரடைகின்றது. நீராவி ஒடுங்கி முகிலாகத் தொடங்கியதும் மறைவெப்பம் வெளிப்படுகின்றது. வெப்பமான தாழ்ந்த மட்டங்களில் அதன்பின் குளிரும் வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகின்றது. சூழவுள்ள வளி இதனினும் விரைவாக உயரத்துடன் குளிர்வதாயின், எழும் வளி எப்போதும் சூழலைவிட வெப்பமாகவே இருந்து மேன்மேலும் உயரும். மூன்றாவது தூண்டுதல். எழுதற்குத் தகுதியுடைய வளியையும் எழுப்பிவிட ஏதேனும் ஒன்று வேண்டும். மலைச்சரிவோ, இரு காற்றுக்களின் சந்திப்போ, சூடேறிய நிலமோ அதனைச் செய்யும்.

இம்மூன்றும் கூடினால் இடிமுகில் பிறக்கும். அது நெடிது வாழ்ந்து கடுமையடைவதற்கு நான்காவது நிலைமை ஒன்று தேவைப்படுகின்றது. உயரத்துக்கேற்பக் காற்றின் திசையும் வேகமும் மாறுபடுதலே அது. அவ்வாறு மாறுபடும்போது முகிலின் மேலெழும் நீரோட்டமும் கீழிறங்கும் மழையோட்டமும் ஒன்றையொன்று அழிக்காது பிரிந்து நிற்கின்றன. மாறுபாடு இல்லாதவிடத்து, பெய்யும் மழையே தன்னைப் பெற்ற முகிலின் ஊற்றை அடைத்துவிடுகின்றது.

வன்னி அமைந்துள்ள அகலக்கோட்டில் உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்திலும், முகில் எட்டக்கூடிய எல்லை 16 கிலோமீற்றர் அளவிலும் அமைகின்றன. இவ்விரு மட்டங்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் பனிப்பளிங்குகளும் மென்பனிக்கட்டிகளும் மோதுவதாலேயே மின்னேற்றம் பிரிந்து மின்னல் உண்டாகின்றது. அவ்வுயரத்துக்கு நீரைத் தூக்கிச் செல்லும் வலிய மேலோட்டம் இருப்பின் மட்டுமே இடி முழங்கும். மேலோட்டம் நலிந்ததாயின் மழை பெய்யலாம், இடி இராது. இவ்வேறுபாடு வன்னியின் ஆண்டுச் சுற்றை விளங்கிக்கொள்ளுதற்குத் திறவுகோலாகும்.

3. வன்னியின் ஆண்டுச் சுற்று

மார்ச், ஏப்பிரல் மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேல் பருவக்காற்று இன்னும் தொடங்காதிருக்கும். ஞாயிறு தலைக்குமேல் நிற்கும். வன்னி கிழக்கே முல்லைத்தீவுக் கடலையும் மேற்கே மன்னார்க் கடலையும் கொண்ட ஒடுங்கிய நிலமாதலின், நண்பகலுக்குப் பின் இரு புறத்துக் கடற்காற்றுக்களும் உள்நாட்டை நோக்கி நகர்கின்றன. அவை சந்திக்குமிடத்து வளி மேலெழுந்து, பிற்பகலில் கருமுகிலாகத் திரள்கின்றது. உயரத்துக் காற்று நலிந்திருப்பதால் இம்முகில்கள் நெடிது வாழ்வதில்லை. எனினும் அவற்றின் மின்னல் கொடியது. வெட்டவெளி வயலில் வேலைசெய்வோரும் மரத்தடியில் ஒதுங்குவோரும் அதற்குப் பலியாகின்றனர்.

மே மாதத்தின் பின் வீசும் தென்மேல் காற்றைச் சோளகம் எனவும் கச்சான் எனவும் மக்கள் வழங்குவர். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டுக் கீழிறங்கும் இக்காற்று கிழக்கிலும் வடக்கிலும் வெப்பமும் வறட்சியும் கொண்டு வீசுகின்றது. இக்கச்சான் காற்றைப் பற்றியும் தம்பையாபிள்ளை தனியே ஓர் ஆய்வு எழுதியுள்ளார். இக்காலத்தில் கீழ்மட்டத்தில் மேல்காற்றும் மிக உயரத்தில் கீழ்க்காற்றும் வலிமையாக வீசுவதால், மேலே கூறிய நான்காவது நிலைமை நிறைவாகவே உண்டு. ஆயின் முதலாவது நிலைமையாகிய ஈரப்பதன் போதாமையால் இடிமுகில் அரிதாகின்றது. ஒரு நிலைமை மிகுந்திருப்பது மற்றொன்றின் குறைவை ஈடுசெய்யாது என்பதற்கு வன்னியின் ஆனி, ஆடி மாதங்கள் தக்க சான்று.

ஒக்தோபரில் இரண்டாவது இடைப்பருவம் வருகின்றது. புரட்டாதியிலும் ஐப்பசியிலும் கேட்கும் இடிமுழக்கம் காலபோக விதைப்பின் அறிகுறியாகும். உலர்ந்த மண்ணில் விதையிட்டுக் காத்திருக்கும் புழுதி விதைப்பு முறை, இவ்விடிமழையின் வருகையை நம்பியே அமைந்தது. அது பத்து நாட்கள் பிந்தினாற்கூட உழவரின் விதைநெல் பாழாகும், கடன் மிகும்.

நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நிலைமை மீண்டும் மாறுகின்றது. வாடையும் கொண்டலும் வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகின்றன. கடல்நீர் வெப்பமாகவும், உயரத்துக்கேற்பக் காற்று மாறுபடுதல் குறைவாகவும் இருக்கும் வேளைகளில் தாழமுக்கங்கள் சூறாவளிகளாக வலுப்பெறுகின்றன. தனி இடிமுகிலை நெடிது வாழச்செய்யும் காற்று மாறுபாடு சூறாவளியைச் சிதைத்துவிடும் என்பது இங்கு நோக்கற்பாலது. சூறாவளியும் உண்மையில் இடிமுகில்களின் கூட்டமே. எனினும் அதன் பிறப்புக்கு வேண்டிய நிலைமைகள் வேறு.

மார்கழி மழையில் இடி அரிது. கடலிலிருந்து வரும் முகில்களின் மேலோட்டம் நலிந்தது. அவை ஓசையின்றி இரவிலும் விடியலிலும் இடைவிடாது பெய்கின்றன. மழைக்காடுகளின் மேலும் கடலின் மேலும் மின்னலைப் பதிவுசெய்த செய்மதிகள், நிலத்தோடு ஒப்பிடுகையில் கடலின் மேல் மின்னல் மிகக் குறைவு என்பதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. அச்சமூட்டும் இடிமழை சில உயிர்களை வாங்குகின்றது. அச்சமூட்டாத மார்கழி மழையோ குளங்களை உடைக்கின்றது.

4. குளம் என்னும் விடை

இத்தகைய வானின் கீழ் வாழ்ந்த மக்கள் கண்ட விடை குளம். குளத்தை வறட்சிக்கு எதிரான சேமிப்பிடம் என்று மட்டும் கருதுதல் அதன் பணியில் ஒரு பாதியையே காண்பதாகும். சிறு ஓடையை மறித்து மேலே ஒரு குளம், அதன் கழிவுநீரைத் தாங்கக் கீழே மற்றொரு குளம், அதன்கீழ் இன்னுமொன்று என ஒரே வடிநிலத்தில் தொடராக அமைந்த குளங்களைப் பேராதனைப் புவியியற் பேராசிரியர் மத்தும பண்டார 1985 இல் ஓர் ஒழுங்கமைப்பாக விளக்கினார். இத்தொடர், கொட்டும் மழையை ஒரே வீச்சில் கீழே பாயவிடாது படிப்படியாகத் தடுத்து விடுவிக்கின்றது. துருசு பயிருக்கு நீர் விடும் வழி. வான் மிகைநீர் தானே வழிந்தோடும் வழி. குளக்கட்டின் உயரத்தையும் வானின் மட்டத்தையும் முடிவுசெய்தவர்கள், பல தலைமுறைகள் கண்ட பெருமழைகளின் அனுபவத்தையே மண்ணில் எழுதிவைத்தனர். எழுத்து மூலங்களிற் காணக்கிடையாத வானிலை வரலாறு அலைகரையிலும் வானிலும் பதிவாகியுள்ளது என நாம் கொள்ளலாம்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குளங்களிற் பல தூர்ந்தும் உடைந்தும் கிடந்தன. பிரித்தானிய அரசின் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் போன்றோர் அவற்றை அளந்து ஆராய்ந்தனர். கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக்குளம் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பட்டது. வட மாகாணத்தின் மிகப்பெரிய நீர்த்தேக்கமாகிய அது இன்று 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் வழங்குகின்றது. பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம் முதலியன புனரமைக்கப்பட்டுக் குடியேற்றங்கள் பெருகின.

இம்மாற்றத்தால் வன்னி உழவர் பெற்ற நன்மை பெரிது. எனினும் இரு விளைவுகள் உடன்வந்தன. ஒன்று, நீர் பல சிறு குளங்களிற் பிரிந்து நின்ற நிலை மாறிப் பெருந்தேக்கம் ஒன்றிற் குவிந்தது. தானே வழியும் வானின் இடத்தை, மனிதர் திறந்துமூடும் வான்கதவுகள் பெற்றன. இன்னொன்று, குளங்களின் கீழே மக்கள் செறிந்தனர். 1958, 1977 ஆம் ஆண்டுகளின் இன வன்செயல்களால் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தோருள் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் பல. நல்ல மேட்டுநிலம் ஏற்கெனவே உரியோரிடம் இருக்க, பிந்தி வந்த ஏழையருக்கு எஞ்சியது பெரும்பாலும் தாழ்நிலமும் ஆற்றோரமுமே. மழை அனைவர் மீதும் ஒருசேரப் பெய்யினும் வெள்ளம் அவ்வாறு பாய்வதில்லை.

5. 1964 முதல் 2025 வரை

1964 டிசெம்பர் 17 இல் தென் அந்தமான் கடலில் ஒரு தாழமுக்கம் தோன்றியது. 19 ஆம் நாள் அது கடுஞ் சூறாவளியாக வலுப்பெற்று, நாளொன்றுக்கு 400 கிலோமீற்றருக்குக் குறையாத விரைவில் மேற்கு நோக்கி நகர்ந்து, 22 இல் வவுனியாவின் ஊடாக வன்னியைக் கடந்தது. அன்றிரவு அது தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலில் மூழ்கியது. தனுஷ்கோடியின் அழிவு தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது. அதே சூறாவளி சில மணித்தியாலங்களுக்கு முன் கடந்த வன்னியோ அந்நினைவில் இடம்பெறவில்லை. கடலோர மீனவரும் காட்டோர உழவரும் அன்று பட்ட துன்பத்தை விரிவாக எழுதிவைத்தார் இலர்.

1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஏறத்தாழ 900 உயிர்களைக் கவர்ந்தது. அதன் பாதை தெற்கே அமைந்ததால் வன்னி பெருமளவு தப்பியது. இவ்விரு நிகழ்வுகளும் சூறாவளி என்றால் காற்று என்னும் எண்ணத்தை மக்களிடமும் அரசிடமும் ஆழப்பதித்தன.

2008 நவம்பர் இறுதியில் வந்த 'நிஷா' இவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தது. காற்றளவில் அது சிறிய சூறாவளி; ஆனால் மெல்ல நகர்ந்தது. நகராத முகில்கூட்டம் ஒரே நிலத்தின் மேல் நாட்கணக்கில் தன் நீரை இறக்கியது. அவ்வேளை வன்னியிற் போர் உக்கிரமடைந்திருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிவாரணப் பணியாளர்கள் வன்னியிலிருந்து வெளியேறியிருந்தனர். மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழும் மரநிழலிலும் வாழ்ந்த இலட்சக்கணக்கான மக்களின் மேல் அம்மழை பெய்தது. ஒரு கல்வீட்டுக்கு இடராகும் மழையும் ஒரு தறப்பாளுக்கு இடராகும் மழையும் அளவில் ஒன்றல்ல. போர் அந்த அளவை மாற்றியிருந்தது.

2018 டிசெம்பர் 21 இரவு தொடங்கிய பெருமழையின்போது வன்னிக் கரையை எச்சூறாவளியும் கடக்கவில்லை. பெயரிடப்படாத ஒரு மழையாகவே அது வந்தது. இரணைமடுக்குளம் நிரம்பியது, வான்கதவுகள் திறக்கப்பட்டன, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல்லாயிரம் மக்கள் இடம்பெயர்ந்தனர். கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற விவாதம் எழுந்து விசாரணை வரை சென்றது. யார் தவறினர் என்பதைக் காட்டிலும், தானே வழியும் வானுக்குப் பதிலாகக் கதவை அமைத்த சமூகம், அக்கதவைத் திறக்கும் முடிவுக்கு வேண்டிய மணித்தியால மழைக் கணக்கையும் முன்னறிவிப்பையும் உடன் அமைத்ததா என்னும் வினாவே வரலாற்று நோக்கில் முதன்மையானது.

2020 டிசெம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த 'புரெவி' நலிந்த நிலையில் வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் தேங்கி நின்று மழை பொழிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' இலங்கையின் மேலேயே மெல்ல வடக்கு நோக்கி ஊர்ந்தது. காற்றின் வேகத்தால் அளந்தால் அது பெருஞ் சூறாவளி அன்று. எனினும் நாடெங்கும் 600 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் மண்சரிவு ஊர்களை மூடியது. வன்னியின் ஆறுகளும் குளங்களும் பெருக்கெடுத்தன.

இந்நிரலை ஒருங்குவைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. 1964 இன் சூறாவளி விரைந்தோடியது; அதன் காற்றும் அக்காற்று எழுப்பிய கடலலையுமே அழிவைச் செய்தன. 2008 இன் பின் வந்தவை மெல்ல நகர்ந்தன, அல்லது நின்றன. அவற்றின் நீரே அழிவைச் செய்தது. ஆயினும் நமது எச்சரிக்கை முறை காற்றின் வேகத்தையே படிநிலையாகக் கொண்டுள்ளது; நமது திட்டமிடல் ஆண்டுச் சராசரியையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஒரு குளக்கட்டின் மேல் சில மணித்தியாலத்தில் விழும் நீரை இவ்விரு அளவுகோல்களும் காட்டமாட்டா. வளி ஒரு பாகை வெப்பமடையும்போது அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதத்தால் மிகுகின்றது. உலகம் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில், பெய்யும் வேளையிற் கடுமையாகப் பெய்யும் போக்கு மேலும் வலுப்பெறும் என்பதே இதன் பொருள்.

6. முடிவுரை

இடிமுகிலின் பிறப்பை எவராலும் தடுத்தல் இயலாது. ஈரப்பதனும் உறுதியின்மையும் தூண்டுதலும் கூடுமிடத்து அது பிறந்தே தீரும். ஆயின் அது எந்நிலத்தில், எத்தகைய குடிசையின் மேல், எந்தக் குளக்கட்டின் பின்னால் பெய்கின்றது என்பது மனிதர் வரலாறு தீர்மானித்த ஒன்று. வறண்ட வலயம் என்னும் பெயர் அவ்வரலாற்றின் ஒரு பகுதி. அப்பெயர் வன்னி உழவரின் ஒரு துன்பத்தைக் கூறி மற்றொன்றை மறைத்தது.

போர் நிகழ்ந்த ஆண்டுகளில் வடக்கின் மழைப் பதிவுகள் பலவிடத்தும் இடையறுந்தன. அவ்விடைவெளியை நிரப்புதற்கு இன்று எஞ்சியுள்ளவை இரண்டு: குளக்கட்டுகளிற் காணப்படும் நீர்மட்டச் சுவடுகள், முதியோரின் நினைவு. எந்த ஆண்டு எக்குளம் உடைத்தது, நீர் எவ்வளவு உயர்ந்தது, ஊர் எங்கே ஒதுங்கியது என்பவற்றை ஊர்தோறும் சென்று திரட்டுதல் வரலாற்று மாணவரும் புவியியல் மாணவரும் ஒன்றிணைந்து செய்யவேண்டிய பணியாகும். ஒவ்வொரு பெருங்குளத்திலும் மணித்தியாலம்தோறும் மழையை அளக்கும் கருவியும், அவ்வளவு கமக்காரர் அமைப்புகளுக்கு உடனுக்குடன் தமிழில் எட்டும் ஏற்பாடும் அதனோடு சேரவேண்டும். மார்கழி இரவொன்றில் ஓசையின்றிப் பெய்யும் மழையில், கட்டின்கீழ் உறங்குவோரை எழுப்ப இடிமுழக்கம் வராது. அவர்களை எழுப்பவேண்டியது நமது அறிவே.